பேனாவ கேட்டு வாங்குங்க, கூடவே பழியையும்: ஜெர்சி தீவு ஆட்சியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஜெர்சி சட்டசபையில உக்காந்திருக்கற 49 பேருக்கும், அந்தப் பக்கம் லண்டன்ல ஜெர்சி ஃபைல கையில வச்சிருக்கற நீதித்துறை அதிகாரிங்களுக்கும் வணக்கம்.

தமிழ்ல எழுதறேன். உங்கள்ல ஒருத்தருக்கும் இது படிக்க வராதுனு எனக்கு நல்லாவே தெரியும். ஆனா நீங்களே 2019-ல உங்க பழைய பாஷை ஜெர்ரியேவ ஆட்சிமொழியா ஏத்துக்கிட்டவங்க, அதப் பேசற ஆளுங்க பெரும்பாலும் வயசானவங்கனு தெரிஞ்சும் ஏத்துக்கிட்டீங்க, அதனால ஒருத்தன் தன் பாஷைல மனு எழுதறது உங்களுக்கு விநோதமா படாதுனு நினைக்கறேன். இன்னொண்ணு, இதப் படிக்க வேண்டியவங்க நீங்க மட்டும் கிடையாது, ஊர்ல சீட்டு கட்டி ஏமாந்தவங்களும் படிக்கணும்.

நான் திருவாரூர்க்காரன். ஜெர்சியோட தலைநகரம் செயின்ட் ஹெலியர்ல, மத்தவங்க சொத்த அவங்களுக்காக நிர்வாகம் பண்ற ஒரு டிரஸ்ட் கம்பெனில கம்பிளையன்ஸ் வேலை. அதாவது பணம் உள்ள வரும்போது "இது எங்கருந்து வந்துச்சு, யாரோடது, பாஸ்போர்ட் காப்பி எங்க, கரன்ட் பில் எங்க"னு கேட்டுக்கிட்டே இருக்கற வேலை, கஸ்டமருக்கும் பிடிக்காது சேல்ஸ் ஆளுங்களுக்கும் பிடிக்காது. இந்த வேலைல உக்காந்து பாத்ததுல எனக்கு ஒரே ஒரு விஷயம் உறுத்திக்கிட்டே இருக்கு, அதச் சொல்லத்தான் இந்த மடல்.

ஊர்ல படிக்கறவங்களுக்காக முதல்ல கொஞ்சம் சொல்லிடறேன். ஜெர்சினா மாடு ஞாபகம் வரும், அந்த மாடு வந்த ஊரேதான் இது. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவுல, பிரான்ஸ் கரைக்கு ரொம்ப ஒட்டினாப்ல இருக்கற தீவு, நீளவாக்குல 9 மைல் அகலத்துல 5 மைல், அவ்ளோதான். 2021 சென்சஸ் கணக்குப்படி 1,03,267 பேர். 1204-ல இங்கிலாந்து ராஜா ஜான் நார்மண்டிய பிரான்ஸ்கிட்ட தோத்தப்போ இந்தத் தீவுக்காரங்க மட்டும் ராஜா பக்கமே நின்னுட்டாங்க, அதுக்குப் பலனா அவங்க சட்டம், அவங்க கோர்ட்டு, அவங்க வரி எல்லாம் அவங்க கையிலயே விடப்பட்டுச்சு. இன்னிக்கும் இது பிரிட்டனோட பகுதி கிடையாது. பிரிட்டன் பார்லிமென்ட்டுக்கு இங்கருந்து எம்பி கிடையாது. ராஜாவுக்கு நேரா கட்டுப்பட்ட தீவு. ஆனா ராணுவமும் வெளிநாட்டு விவகாரமும் லண்டன் பொறுப்பு. இந்தக் கடைசி வரிலதான் எல்லாச் சிக்கலும் ஒளிஞ்சிருக்கு.

தனி நாடா இருந்தா இன்னொரு நாட்டோட நேரா உக்காந்து ஒப்பந்தம் போட்டுக்கலாம். ஜெர்சி போட முடியாது. போடணும்னா லண்டன் ஒரு லெட்டர் குடுக்கணும், என்ட்ரஸ்ட்மென்ட் லெட்டர்னு இங்க சொல்வாங்க. நம்ம ஊரு பாஷைல சொன்னா பவர் பத்திரம். நிலம் அப்பா பேர்ல, விக்கப் போறது பையன், ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பவர் காட்டினாத்தான் வேலை நடக்கும். அதுலயும் ரெண்டு வகை உண்டு, குறிப்பிட்ட ஒரு சர்வே நம்பருக்கு மட்டும் குடுக்கற ஸ்பெஷல் பவர், எல்லாத்துக்கும் சேத்துக் குடுக்கற ஜெனரல் பவர். உங்களுக்கு லண்டன்லருந்து வர்றது பெரும்பாலும் ஸ்பெஷல் பவர் தான், ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒவ்வொரு தடவ வாங்கணும், என்ன பேசப் போறோம்னு முன்கூட்டியே சொல்லணும்.

இதுல வேடிக்கை என்னன்னா, வரி விஷயத்துக்கு இந்தப் பவர் ரொம்ப சுலபமா கிடைச்சுது. 2009 ஏப்ரல்ல லண்டன்ல ஜி20 கூட்டம், உலகம் பூரா பேங்க் திவாலாகி எல்லாரும் கோவத்துல இருந்த நேரம், வரித் தகவல் பரிமாற்ற ஒப்பந்தம் 12 போட்டவன் நல்லவன் போடாதவன் கெட்டவன்னு கிட்டத்தட்ட அந்த ரேஞ்சுல ஒரு லிஸ்ட் வந்துச்சு. நீங்க முதல் நாளே வெள்ளை லிஸ்ட்ல. 2002-லயே அமெரிக்காவோட ஆரம்பிச்சு வரிசையா போட்டுக்கிட்டே வந்தீங்க. இந்தியாவோட கூட 2011 நவம்பர்ல கையெழுத்தாச்சு. பிசினஸ் போயிடும்னு பயம் வந்தா பேனாவுக்கு எவ்ளோ சீக்கிரம் இங்க் ஊறுதுனு அப்பத்தான் தெரிஞ்சுது.

ஆனா திருடனை அனுப்பறது, கைதிய ஊருக்கு மாத்தறது, சாட்சி, பேங்க் ஸ்டேட்மென்ட், முடக்கின சொத்து, இந்த கிரிமினல் பக்கம் வரும்போது மட்டும் கதை மாறிடுது. பெரும்பாலும் லண்டன் போட்ட ஒப்பந்தத்துக்குப் பின்னாடி "ஜெர்சிக்கும் இது பொருந்தும்"னு ஒரு வரி சேத்து ஓட்டிக்கறீங்க. ஐநாவோட ஊழல் தடுப்பு உடன்படிக்கைய பிரிட்டன் 2006-ல ஏத்துக்குச்சு. உங்களுக்கு அது வந்து சேந்தது 2009-ல. நடுவுல 3 வருஷம், கள்ளப்பணத்துக்கு 3 வருஷம்னா எவ்ளோ நீளம்னு எங்க டிபார்ட்மென்ட்டுல யாரக் கேட்டாலும் சொல்வாங்க, ஒரு பணம் 3 நாள்ல 4 ஊர் சுத்தி வந்துடும்.

நியாயமா ஒண்ணு சொல்லிடறேன், இல்லன்னா "இவனுக்கு சட்டமே தெரியாது"னு ஒதுக்கிடுவீங்க. வெளிநாட்டுக்கு உதவி பண்றதுக்கு ஜெர்சிக்கு ஒப்பந்தமே தேவையில்ல. 1991 மோசடி விசாரணைச் சட்டமும் 2001 கிரிமினல் ஒத்துழைப்புச் சட்டமும் இருக்கு, எந்த நாட்டு அதிகாரியும் உங்க அட்டர்னி ஜெனரலுக்கு நேரா லெட்டர் எழுதலாம், அவர் பாத்து திருப்தியானா பேங்க் பேப்பர எடுத்துக் குடுக்கலாம். இது உண்மையிலேயே நல்ல ஏற்பாடு. பிரச்சனை எதிர்ப்பக்கம். எதிர்ல இருக்கற நாட்டோட சட்டம் "எங்க ஒப்பந்தம்?"னு கேட்டா நீங்க என்ன காட்டுவீங்க? அதுவும் நீங்க குடுக்கற இடத்துல இல்லாம வாங்கற இடத்துல நிக்கும்போது?

எங்க இந்தியச் சட்டத்தையே எடுத்துக்குங்க. வெளிநாட்டுல விசாரணைக்கு கோர்ட்டு அனுப்பற லெட்டர், முன்னாடி சிஆர்பிசினு சொல்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 166ஏ, இப்ப புது சட்டத்துல 112-ம் பிரிவு, அதுல இருக்கற வார்த்தை "இந்தியாவுக்கு வெளியே உள்ள நாடு அல்லது இடம்". பணமோசடி தடுப்புச் சட்டத்துலயும் அதே மாதிரி "நாடு அல்லது இடம்", ஒப்பந்தம் மூலமாவோ வேற வகையிலோ ஏற்பாடு இருக்கணும்ங்கறாங்க. இந்த "இடம்"ங்கற வார்த்தையப் பாக்கும்போதெல்லாம் எனக்கு ஜெர்சி ஞாபகம்தான் வரும், நாடு கிடையாது, ஆனா இடம். ஆனா 1962 நாடு கடத்தல் சட்டத்துக்குப் போனீங்கன்னா அங்க வெளிநாடுனா அதோட காலனியும் சார்பு பகுதியும் சேத்துத்தான்னு எழுதியிருக்கு, அங்க நீங்க இடம் கூட கிடையாது, லண்டனோட வால். ஒரே தீவு, ரெண்டு சட்டத்துல ரெண்டு உருவம். இதுல மாட்டிக்கிட்டு முழிக்கறவன் மாவட்டத்துல உக்காந்திருக்கற ஒரு இன்ஸ்பெக்டர், அவர் டேபிள்ல ஏற்கனவே 200 ஃபைல்.

இப்ப எங்க சித்தி கதை. 90-கள்ல எங்க பக்கம் தெருவுக்குத் தெரு ஃபைனான்ஸ் கம்பெனி முளைச்ச காலம், 24 வட்டி 36 வட்டினு போர்டு தொங்கும், பேர்ல கட்டாயம் ஒரு சாமி இருக்கும். சித்தி, சித்தப்பா ரிட்டயர் ஆன காசுல 60 ஆயிரத்த அப்படி ஒண்ணுல போட்டுச்சு. பேரு வேணாம், அவங்க ஆளுங்க இன்னும் ஊர்ல இருக்காங்க. ஒரு தீபாவளிக்கு முன்னாடி ஷட்டர் இறங்கிடுச்சு. அப்புறம் 1997-ல தமிழ்நாட்டுல டெபாசிட்தாரர் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு, பொருளாதாரக் குற்றப்பிரிவுக்கு சித்தி ஒரு மஞ்சப் பையில பாண்டு பேப்பரப் போட்டுக்கிட்டு எத்தன தடவ நடந்திருக்கும்னு கணக்கு இல்ல. அங்க ஒருத்தர் சொன்னது, "பணம் வெளிநாடு போயிருச்சும்மா, அங்க நம்ம கை எட்டாது". எந்த வெளிநாடு? அவருக்கும் தெரியாது. அது ஜெர்சிக்கு வந்துச்சுனு நான் சொல்லவே மாட்டேன், எனக்கு அதுக்கு ஆதாரம் கிடையாது, அந்த 60 ஆயிரம் கும்பகோணத்துலயே யாரோட கல்யாண மண்டபமாவோ நிக்கலாம். ஆனா நான் இங்க வேலைக்கு சேந்தேன்னு சொன்னப்போ சித்தி போன்ல கேட்டுச்சு: "ஏன்டா, அந்த வெளிநாடுனு சொன்னாங்களே, அது நீ இருக்கற ஊரா?" நான் சிரிச்சு மழுப்பிட்டேன். சிரிச்சிருக்கக் கூடாது.

அந்தக் கேள்விதான் நான் உங்ககிட்ட கேக்கறதும். நீங்க யாரு? பணம் வரும்போது "நாங்க தனி சட்டம், தனி கோர்ட்டு, 800 வருஷ பாரம்பரியம், லண்டன் எங்க விஷயத்துல தலையிடாது"னு ப்ரோஷர்ல போடறீங்க, அந்த ப்ரோஷர் எங்க ஆபீஸ் ரிசப்ஷன்லயே அடுக்கி வச்சிருக்கு. ஒரு வெளிநாட்டு போலீஸ்காரன் வந்து "வாங்க, உக்காந்து ஒரு ஒப்பந்தம் பேசுவோம்"னு கூப்பிட்டா மட்டும் "அது லண்டன் பாத்துக்கறது சார்"னு கை காட்டறீங்க. லண்டன்ல போய்க் கேட்டா "அது ஜெர்சியோட உள் விவகாரம்"ங்கறாங்க. ரெண்டு பேர் வீட்டு வாசல்லயும் நின்னுட்டு வெறுங்கையோட திரும்பறது யாரு?

உங்களால முடியாதுன்னா நான் இவ்ளோ எழுதவே மாட்டேன். முடியும்னு நீங்களே காட்டிட்டீங்க. நைஜீரியாவ 1993-லருந்து 98 வரைக்கும் ஆண்ட ராணுவ சர்வாதிகாரி சனி அபாச்சா அடிச்ச பணத்துல ஒரு பெரிய பங்கு இந்தத் தீவுல படுத்துக் கிடந்துச்சு, பிரிட்டிஷ் விர்ஜின் தீவுகள்ல பதிவு பண்ண ஒரு கம்பெனி பேர்ல. அமெரிக்க கோர்ட்டு 2014-ல பறிமுதல்னு சொல்லுச்சு, இங்க உங்க கோர்ட்டு முடக்குச்சு, எதிர்ப்பக்கம் மேல மேல அப்பீல் போனாங்க, எல்லாம் தோத்தாங்க. கடைசியா 2020 பிப்ரவரி 3-ம் தேதி வாஷிங்டன்ல ஒரு ஒப்பந்தம், 30 கோடி டாலருக்கு மேல, ஜெர்சி, அமெரிக்கா, நைஜீரியா மூணு பேரும் கையெழுத்து. லாகோஸ் இபாதான் ரோடு, அபுஜா கானோ ரோடு, நைஜர் ஆத்து மேல ரெண்டாவது பாலம், இந்த மூணுக்கும்தான் பணம் போகணும்னு அதுலயே எழுதியாச்சு. 1 லட்சம் பேர் இருக்கற தீவு ஒரு பக்கம், 20 கோடி ஜனம் இருக்கற நாடு ஒரு பக்கம், வல்லரசு ஒரு பக்கம். நடுவுல லண்டன் நாற்காலி இல்ல. வானம் இடிஞ்சு விழுந்துச்சா? அந்தப் பாலத்துல இன்னிக்கு லாரி ஓடுது.

லாரினு சொன்னதும் இன்னொண்ணு. அதே அபாச்சா ஆட்சிக்கு ராணுவ வண்டி வித்த விவகாரத்துல ஒரு இந்திய வியாபாரிய உங்க ராயல் கோர்ட்டு 2010-ல பணமோசடி குத்தத்துக்கு ஜெயிலுக்கு அனுப்புச்சு. விலையப் பல மடங்கு ஏத்தி பில் போட்டது, மிச்சத்த ஆளுங்களோட பிரிச்சுக்கிட்டது, நம்ம ஊரு ரோடு கான்ட்ராக்ட் மாதிரியேதான். அதனால இந்தியாவுக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்னு மட்டும் யாரும் கேட்டுடாதீங்க.

கென்யா விஷயம் இதுக்கு நேர் மாறு, அதையும் சொல்லித்தான் ஆகணும். அங்க மின்சாரக் கம்பெனி கான்ட்ராக்ட்டுல அடிச்ச லஞ்சம் இங்க ஒரு கம்பெனில வந்து சேந்துச்சு. அந்தக் கம்பெனி 2016-ல உங்க கோர்ட்டுல குத்தத்த ஒத்துக்கிச்சு, சுமார் 36 லட்சம் பவுண்டு பறிமுதல். அது வரைக்கும் சரி. ஆனா அந்த விவகாரத்துல ரெண்டு பேர அனுப்பி வைங்கனு நீங்க கென்யாகிட்ட கேட்டது 2011-ல, ஒருத்தர் முன்னாள் நிதியமைச்சர், இன்னொருத்தர் அந்த மின்சாரக் கம்பெனியோட முன்னாள் தலைவர். அங்க கோர்ட்டுல அவங்க குத்தம் பண்ணாங்களா இல்லையாங்கறது ஓரமா போயிட்டு, அனுப்பறதுக்கு யார் கையெழுத்து போடணும், அட்டர்னி ஜெனரலா, அரசு வழக்கு இயக்குநரா, இதுலயே வருஷம் வருஷமா ஓடுச்சு, கீழ் கோர்ட்டு, மேல் கோர்ட்டு, உச்ச கோர்ட்டுனு. கையெழுத்துனா சும்மா கிடையாது, பேனா யார் கையிலனு தெளிவா இல்லன்னா திருடனோட வக்கீலுக்குத்தான் கொண்டாட்டம். அப்புறம் 2018-ல கென்யா, சுவிட்சர்லாந்து, பிரிட்டன், ஜெர்சி நாலும் சேந்து ஒரு ஏற்பாடு பண்ணீங்க, பறிமுதல் பணத்துல ஒரு பங்கு 2022-ல கோவிட் சாமான் வாங்க கென்யாவுக்குப் போச்சு. நல்லது. 2011-லயே நேரா ஒரு ஒப்பந்தம் கையில இருந்திருந்தா எப்படி இருந்திருக்கும்னு ஒரு தடவ யோசிச்சுப் பாருங்க.

இப்ப லண்டன்காரங்களே, உங்களுக்கு. நீங்க இந்த அதிகாரத்த யாருக்குமே குடுத்ததில்லனு சொல்லிடாதீங்க. ஹாங்காங்குக்குக் குடுத்தீங்க. 1997-ல ஊர சீனாகிட்ட ஒப்படைச்சா உங்க ஒப்பந்தங்கள் எல்லாம் அங்க செல்லாம போயிடும், ஊர் பூரா தப்பி வந்தவங்களுக்கு சொர்க்கமாயிடும்னு பயந்து, 90-கள்லயே ஹாங்காங் அரசாங்கமே தன் பேர்ல நாடு நாடா பேசறதுக்கு அதிகாரம் குடுத்தீங்க. சீனாவோட நீங்க வச்சிருந்த கூட்டுக் குழுவுல ஒப்புதல் வாங்கி, முதல்ல 1992 நவம்பர்ல நெதர்லாந்து, அப்புறம் கனடா, ஆஸ்திரேலியா, மலேசியா, அமெரிக்கானு போச்சு. இந்தியாவோட கையெழுத்தான தேதி 1997 ஜூன் 28. கொடி இறங்கறதுக்கு 2 நாள் முன்னாடி! மூட்டை முடிச்ச கட்டிக்கிட்டே கையெழுத்து போட்டிருக்காங்க. காலி பண்ற வீட்டுச் சாவிய அவ்ளோ அக்கறையா குடுத்தவங்க, கூடவே இருக்கப் போற வீட்டுப் பிள்ளைக்கு ஏன் இவ்ளோ யோசிக்கறீங்க?

அந்த 1997 காயிதம் சும்மா அலமாரில தூங்கவும் இல்ல. பஞ்சாப்ல 2016-ல நாபா ஜெயில உடைச்சு ஆளுங்கள வெளிய கொண்டுபோன கேஸ்ல தேடப்பட்ட ஒருத்தன ஹாங்காங் 2024 ஆகஸ்ட்டுல இந்தியாவுக்கு அனுப்புச்சு. நீரவ் மோடி விவகாரம் சூடா இருந்த 2018-ல சீன வெளியுறவுத்துறைகிட்ட கேட்டதுக்கு, அது ஹாங்காங் தன் சட்டப்படி இந்தியாவோட இருக்கற ஒப்பந்தப்படி பாத்துக்கும்ங்கற மாதிரிதான் பதில் வந்துச்சு. பெய்ஜிங்கே ஒரு ஊருக்கு அந்த அளவு விட்டுச்சு, காயிதத்துலயாவது.

"காயிதத்துலயாவது"னு இழுத்ததுக்குக் காரணம் இருக்கு. ஹாங்காங் கதைய பாதில நிறுத்தினா நான் பொய் சொன்ன மாதிரி ஆயிடும். 2020 ஜூன் 30-ம் தேதி தேசப் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. ஜூலை 3 கனடா நிறுத்தி வச்சுது, 9 ஆஸ்திரேலியா, 20 பிரிட்டன், 28 நியூசிலாந்து, 31 ஜெர்மனி, ஆகஸ்ட்டுல அமெரிக்கா. ரெண்டு மாசத்துக்குள்ள சீட்டுக்கட்டு மாதிரி சரிஞ்சுது. 25 வருஷமா ஒவ்வொரு நாடா உக்காந்து பேசி சேத்த காயிதம். ஹாங்காங் அதிகாரிங்க பேசினதுல தப்பு கண்டுபிடிச்சு யாரும் நிறுத்தல. அவங்களுக்குப் பின்னாடி நிக்கறவங்க முகத்தப் பாத்து நிறுத்தினாங்க. இரவல் பேனால இந்த ஆபத்து இருக்கத்தான் செய்யும், சொந்தக்காரன் மேல கோவம் வந்தா இரவல் வாங்கினவன் கையெழுத்தும் செல்லாது. லண்டன் பெய்ஜிங் மாதிரி கிடையாதுனு நீங்க சொல்வீங்க, சரிதான், ஆனா அந்தக் கோவம் எப்ப எதுக்கு வரும்னு யாராலும் சொல்ல முடியாது, பிரெக்ஸிட் வரும்னு 2007-ல யாராவது நினைச்சாங்களா?

2007-னு ஏன் சொல்றேன்னா அந்த வருஷம் மே 1-ம் தேதி உங்க முதலமைச்சரும் லண்டனோட அரசியலமைப்பு விவகார அமைச்சரும் ஒரு காயிதத்துல கையெழுத்து போட்டீங்க. ஜெர்சிக்கு பிரிட்டன்லருந்து வேறான ஒரு சர்வதேச அடையாளம் இருக்குனும், ஜெர்சியோட நலன் பிரிட்டன் நலன்லருந்து மாறுபடலாம்னும், உங்களக் கேக்காம லண்டன் உங்க சார்பா எதுவும் பண்ணாதுனும் அதுல இருக்கு. அழகான வார்த்தைங்க. கல்யாணத்துல வாசிக்கற வாழ்த்துப்பா மாதிரி. அத வச்சு நீங்க ஆபீஸ் திறந்தீங்க, அமைச்சர் போட்டீங்க, வரி ஒப்பந்தம் போட்டீங்க, முதலீட்டு ஒப்பந்தம் வரைக்கும் வந்துட்டீங்க. கிரிமினல் நீதிக்கு மட்டும் அந்த அடையாளத்த ட்ராயர்ல வச்சுப் பூட்டிக்கிட்டீங்க.

ஏன்னு எனக்குத் தோணறத சொல்லட்டுமா? வரி ஒப்பந்தம் போட்டா நல்ல பேரு வரும். ஆள அனுப்பற ஒப்பந்தம் போட்டா கேள்வி வரும். எந்த நாட்டோட போடறது, அங்க தூக்கு தண்டனை இருக்கா, போலீஸ் அடிப்பாங்களா, அனுப்பினவன் அங்க செத்தா யார் பதில் சொல்றது. எங்க நாட்டயே எடுத்துக்குங்க, இந்தியாவுல தூக்கு இருக்கு, ஜெயில் நிலவரம் பத்தி லண்டன் கோர்ட்டுலயே வாதம் நடந்திருக்கு. அந்தக் கேள்விங்கள லண்டன் தலையில கட்டிட்டு நிம்மதியா இருக்கறதுதான் இதுவரைக்கும் நடந்தது. நான் கேக்கறது அந்தத் தலைவலியையும் சேத்து வாங்குங்கனு.

வாங்கறதுக்கு முன்னாடி வீட்ட கொஞ்சம் பெருக்கணும், அதையும் சொல்லிடறேன். உங்க பெயிலிஃப் தலைமை நீதிபதியும் அவர்தான், சட்டசபைய நடத்தற தலைவரும் அவர்தான். இத மாத்தணும்னு 2000-ல ஒரு கமிட்டி, 2010-ல ஒரு கமிட்டி, அப்புறம் 2017-ல குழந்தைகள் காப்பகக் கொடுமைகள விசாரிச்ச கமிஷனும் அத மறுபடி யோசிக்கச் சொல்லுச்சு, இன்னும் ஒரே நாற்காலிதான். அட்டர்னி ஜெனரல் அரசாங்கத்துக்கு யோசனை சொல்றவர், குத்தவாளி மேல கேஸ் போடறவரும் அவரே, வெளிநாட்டுலருந்து வர்ற உதவி மனுவ வாங்கறவரும் அவரே. ஊருக்குள்ள எல்லாரும் எல்லாருக்கும் சொந்தக்காரங்க, பள்ளிக்கூடத்துல ஒண்ணா படிச்சவங்கனு இருக்கற தீவுல இது எப்படி வெளிய தெரியும்னு யோசிங்க. 2024-ல மணிவல், அதாவது கள்ளப்பணத்த தடுக்கறது எப்படி நடக்குதுனு சோதிக்கற ஐரோப்பிய கவுன்சில் அமைப்பு, அவங்க ஆளுங்க வந்து பாத்துட்டு குடுத்த ரிப்போர்ட்ல நல்ல மார்க் வாங்கினீங்க, எங்க ஆபீஸ்ல கேக் எல்லாம் வெட்டினாங்க, நானும் சாப்பிட்டேன். ஆனா நைஜீரியாவுலயோ தமிழ்நாட்டுலயோ இருக்கற ஒரு விசாரணை அதிகாரிக்கு மணிவல்னா என்னன்னே தெரியாது. அவர் பாக்கறது, நாம எழுதின லெட்டருக்கு யார் பதில் போடறாங்க, எத்தன நாள்ல போடறாங்க, அவ்ளோதான்.

உங்க ஊர்ல ஒரு பழைய வழக்கம் இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. அநியாயம் நடக்கற இடத்துலயே சாட்சிய வச்சுக்கிட்டு மண்டி போட்டு, "ஹாரோ! ஹாரோ! ஹாரோ! என் இளவரசே உதவிக்கு வாங்க, எனக்குக் கெடுதல் பண்றாங்க"னு பிரெஞ்சுல கத்தினா, எதிராளி அந்த நிமிஷமே கைய நிறுத்தணும், கோர்ட்டு வந்து பாக்கற வரைக்கும். நார்மண்டி காலத்து வழக்கம், இன்னும் செல்லுபடியாகுது. இத முதல் தடவ கேட்டப்போ எனக்கு எங்க ஊரு ஆராய்ச்சி மணிதான் கண்ணு முன்னாடி வந்துச்சு. திருவாரூர்ல மனுநீதிச் சோழன் வாசல்ல கட்டின மணி, கன்னுக்குட்டிய தேர் ஏத்திக் கொன்னுட்டாங்கனு பசு தானே வந்து இழுத்து அடிச்சுது, குத்தவாளி ராஜாவோட சொந்தப் பிள்ளை. கல் தேரு இன்னும் ஊர்ல நிக்குது. சின்ன வயசுல கேக்கும்போது அந்த ராஜா மேலதான் ஆச்சரியமா இருக்கும். இப்ப ஃபைல் பாத்துப் பாத்து எனக்கு ஆச்சரியம் அந்த மணி மேல, அது எவ்ளோ கிட்டத்துல இருந்திருக்கு, எவ்ளோ தாழ்வா கட்டியிருக்காங்க, மாட்டுக்கே எட்டற மாதிரி! எங்க சித்திக்கு எட்டற மாதிரி ஒரு மணி உங்க ஊர்ல எங்க தொங்குது? அது லண்டன் வழியா சுத்தி, டெல்லி உள்துறை வழியா சுத்தி, நடுவுல ஒரு தூதரகத்துல 4 மாசம் தூங்கித்தான் ஒலிக்கணும்னா அதுக்குப் பேரு மணியா?

அதனால கேக்கறது இவ்ளோதான். ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் தனித்தனியா கெஞ்சறத விட்டுட்டு, கிரிமினல் நீதி விஷயத்துக்கு மொத்தமா ஒரு ஜெனரல் பவர் வேணும்னு லண்டன்கிட்ட கேளுங்க, சாட்சி, சொத்து முடக்கம், பறிமுதல் பணத்தப் பங்கு போடறது, கைதி மாத்தறது, ஆள அனுப்பறது எல்லாம் சேத்து. லண்டன் ஆளுங்களே, குடுங்க, ஆனா உங்க பங்கையும் கழட்டி விட்டுடாதீங்க. சர்வதேசச் சட்டப்படி ஜெர்சி தப்பு பண்ணா பதில் சொல்றது நீங்கதான், அதனால தூக்கு இருக்கற நாட்டுக்கு ஆள அனுப்பறதுல தடுக்கற உரிமைய வச்சுக்குங்க, நியாயம், மத்ததுல கைய எடுங்க. ஜெர்சிக்காரங்களே, நீங்க போடப் போற ஒப்பந்தத்த கையெழுத்துக்கு முன்னாடியே உங்க 49 பேர் முன்னாடி வச்சு வாதம் பண்ணுங்க, கையெழுத்து போட்ட அப்புறம் கொண்டுவந்து காட்டறது வேணாம். வருஷா வருஷம் எத்தன மனு வந்துச்சு, எந்த நாட்டுலருந்து, எத்தன நாள்ல பதில் போச்சு, எத்தன மனுவ திருப்பி அனுப்பினீங்கனு வெளிப்படையா போடுங்க, யாரோட பேரும் வேணாம், எண்ணிக்கை போதும்.

முதல் ஒப்பந்தம் பணக்கார நாட்டோட போடாதீங்க. அமெரிக்காவுக்கு உங்க கதவு ஏற்கனவே தெரியும், அவங்க தட்டினா நீங்களே ஓடி வந்து திறப்பீங்க. கென்யாவோட போடுங்க, நைஜீரியாவோட போடுங்க, இந்தியாவோட போடுங்க. பணம் கிளம்பற ஊர்க்காரனுக்குத்தான் இந்தக் கதவு எங்க இருக்குனு தெரியாம இருக்கு.

பதில் போட்டா இங்கிலீஷ்ல போடலாம். ஜெர்ரியேல போட்டாலும் பரவால்ல, எங்க தெருவுல ஒரு தாத்தா இருக்காரு, படிச்சு சொல்றேன்னு ஒத்துக்கிட்டாரு.

இப்படிக்கு,
செயின்ட் ஹெலியர்ல வாடகைக்கு இருக்கற ஒரு திருவாரூர்க்காரன்